ஜீனடக்கியின் மூக்குச் சொட்டு

பேயோட்டும் காலம் மலையேறிவிட்டது. இப்போது ஓட்டுவது ஜீனை. கடைத்தெரு முனையில் இருமலும் இழுப்பும் தும்மலும் வரிசை கட்டி நின்றன.

வெள்ளைக் கோட்டு மாட்டிய அந்த மகானுக்கு ஊர் வைத்த பெயர் ஜீனடக்கி. "உங்க மூக்குச் சவ்வுல ஒரு ஜீன் ஓயாம கத்துது. என் சொட்டுல இருக்கிற ஆர்.என்.ஏ. போய் அது வாயை மூடிடும்" என்பார். மூக்கில் குச்சி விட்டெடுத்துப் பெட்டியில் செருகுவார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஜீன் கத்துகிறதாம். சொட்டு விட்டபின் பச்சை எரியும். கூட்டம் பரவசத்தில் மூக்கை உறிஞ்சும்.

"இனி இன்ஹேலர் எதுக்கு?" என்று அவர் கேட்டதை நம்பி, வெல்டர் ஒருவர் தன்னுடையதை அலமாரியில் போட்டுப் பூட்டினார். இப்போது நாலு எட்டு வைத்தாலே மூச்சிரைத்தது. அவர் தங்கை அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலையே ஆர்.என்.ஏ.வை மூச்சுக்குழல் சவ்வுக்குள் செலுத்திப் பார்ப்பதுதான்.

"அண்ணா, ஜீனை அடக்குறது நிஜம்தான். ஆனா அந்த ஆர்.என்.ஏ. சரியான நோஞ்சான். சளி பட்டாலே சிதைஞ்சிடும். நாங்க ஐஸ்ல வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்கோம். இவர் வெயில்ல அடுக்கி வெச்சிருக்கார்."

"நீங்க கிழிக்காததை அவர் கிழிச்சிட்டார்னு உனக்குப் பொறாமை" என்றார் அண்ணன், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியபடி.

தங்கை அவர் கண்ணெதிரே ஒரு குச்சியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, புட்டியில் போட்டு மூடினாள். இருவரும் போய் வரிசையில் நின்றார்கள்.

"வீட்டுல இருக்கிறவங்களோடது. நேர்ல வர முடியல" என்று நீட்டினாள்.

ஜீனடக்கி செருகினார். சிவப்பு. அவர் முகம் வாடியது. "ரொம்ப முத்திப்போச்சும்மா. பரம்பரையா வருது. இவங்க அப்பாவுக்கும் இழுப்பு இருந்திருக்கணும்."

வெல்டர் புட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்பான்னா, எங்க மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைச் சொல்றீங்களா?"

ஜீனடக்கி பெட்டியை இறுக்கிப் பிடித்தார். தங்கை பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பின்புறம் ஒரு பொத்தான், அதன்மேல் அவருடைய கட்டைவிரல். வரிசை முழுக்கச் சிரித்தது, இருமிக்கொண்டே. வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மகாஜனங்களே, அந்தச் சொட்டு எந்த ஜீனையும் அடக்கவில்லை. "அது எப்படிங்க?" என்று கேட்க வேண்டிய உங்கள் வாயைத்தான் அடக்கியது. அதற்கும் மருந்து செலவாகவில்லை. ஒரு வெள்ளைக் கோட்டே போதுமாக இருந்தது. அடுத்த வெள்ளைக் கோட்டு வரும்போதாவது முதலில் வாயைத் திறங்கள். மூக்கை அப்புறம் காட்டலாம்.