மூன்று முறை நீக்கப்பட்ட தேன்

ஒரு காட்டில் வீராயி என்றொரு கரடி இருந்தாள். எந்த மரத்தில் எந்த மாதம் தேன் முற்றும் என்பதைக் கொட்டு வாங்கி வாங்கியே கற்றவள். கற்றதையெல்லாம் வரைபடமாக்கிக் காட்டு கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தாள். அதற்கு அதிகாரி ஏகாம்பரம் என்ற ஆமை. ஒரே பெரிய டிஸ்க்கைத் துண்டு போட்டு, விலங்குக்கு ஒரு வால்யூம் என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. அவ்வப்போது ஒவ்வொன்றையும் உள்ளது உள்ளபடி நகல் எடுத்தும் வைப்பார். ஸ்னாப்ஷாட் என்பார்.

மழைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் தேன் சேராவிட்டால் குட்டிகள் இரண்டும் பட்டினி. வீராயி வரைபடத்தைக் கேட்டு ஓடிப்போய் ஏகாம்பரத்தின் ஜன்னலில் நின்றாள்.

"தேன் வால்யூம் நீக்கப்பட்டுவிட்டதும்மா. மயில் ஆடின வீடியோவுக்கு இடம் போதவில்லை" என்றார் ஏகாம்பரம்.

"நகல் இருக்குமே?"

"நகல் பங்குனியில் நீக்கம். நகலுக்கு எடுத்த நகல் சித்திரையில் நீக்கம். ஆனால் எதையும் நாங்கள் மறப்பதில்லை. பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுப் பதிந்துவிடுவோம். எது எதிலிருந்து பிறந்தது, என்றைக்குப் போனது, எல்லாம் கோடு போட்டு இணைத்து வைத்திருக்கிறோம். கோடு எங்கேயாவது அறுந்திருக்கிறதா பாருங்கள்."

"கோட்டை நக்கினா இனிக்குமா? நீக்கினது எவன்யா?"

ஏகாம்பரம் நிதானமாகப் பட்டியலைத் தடவினார். "ஏகாம்பரம் என்று போட்டிருக்கிறது."

"அது நீதானேய்யா!"

"பார்த்தீர்களா, அதுகூடப் பதிவாகியிருக்கிறது."

வீராயிக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் எந்தக் கடையை விட்டும் வெறுங்கையோடு இறங்கிப் பழக்கமில்லாதவள்.

"முழுசா வேண்டாம். பாதி கொடு."

"இல்லையம்மா."

"அந்த ஒத்தை வேங்கை மரம்?"

"இல்லாததில் ஒரு மரம் மட்டும் எப்படி இருக்கும்?"

"அப்ப இல்லைங்கறதையாவது சீல் வச்சு எழுதிக் கொடு!"

ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்தது. இதுவரை அதை யாரும் கேட்டதேயில்லை. மூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு சீல்.

வீராயி காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் செருகிக்கொண்டு கண்ணில் பட்ட மரத்திலெல்லாம் ஏறினாள். ஏழாவது மரத்தில் கூடு இருந்தது. ராணித்தேனீ சீறிக்கொண்டு வந்தாள்.

"யாருடி நீ? இது எங்க தேன்!"

"உங்க தேனா? எழுத்து இருக்கா?" வீராயி காகிதத்தை உதறி விரித்தாள். "எனக்கு இருக்கு பார். மூணு தலைமுறைத் தேன். மூணு தடவை நீக்கியிருக்காங்க. இல்லாத தேனை எவனாவது மூணு தடவை நீக்குவானா?"

ராணி சீலை மோந்து பார்த்தாள். அவள் ரீங்காரம் அடங்கிப்போனது.

"எங்ககிட்ட தேன் மட்டும்தானே அக்கா இருக்கு."

"அது போதாதும்மா. பாவமா இருக்கு, கூட்டை மட்டும் நீங்களே வச்சுக்கங்க."

அன்றைக்கே தேன் மொத்தமும் குட்டிகளிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை ஏகாம்பரத்தின் ஜன்னலில் ஆயிரம் தேனீக்கள் வரிசை கட்டி நின்றன.

"ஐயா, எங்க கூட்டையும் உங்க பதிவில் ஏத்தி, கையோட நீக்கிக் கொடுங்க!"

நீதி: இருப்பதைக் காப்பாற்ற அலையாதே. தொலைத்ததற்கு ஒழுங்காகக் காகிதம் வாங்கி வைத்துக்கொள். அடுத்தவனிடம் இருப்பதெல்லாம் உன்னுடையது.