புல் நீலனுக்கு ஒரு சாவிக்கொத்து

ஒரு வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்க வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

ஞாயிறு மலருக்குப் புல் நீலன் என்ற அந்தப் பூச்சியைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நம் முழங்காலுக்கு மேல் பறப்பது அபூர்வம். புல் முளைத்த இடமெல்லாம் உண்டு. இதைப் படம் எடுக்க என்ன கஷ்டம்?

வீட்டு வாசலிலேயே ஒன்றை எடுத்து அனுப்பினேன். மலரைப் பார்த்துக்கொள்ளும் செல்வி உடனே போன் செய்தாள்.

“சார், நீலன்னு எழுதியிருக்கீங்க. இது சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கு!”

“சிறக மூடியிருக்கும்மா. நீலம் உள்பக்கம்.”

“அப்போ திறக்கச் சொல்லுங்க. மதியத்துக்குள்ள வரலேன்னா கட்டுரையத் தூக்கிட்டு கத்திரிக்காய் கொத்சு போட்டுருவேன்.”

நிருபர் வேலையில் மந்திரிகளையே வாய் திறக்க வைத்தவன் நான். ஒரு பூச்சி சிறகு திறக்காதா?

காலை வெயிலில்தான் அது சிறகை விரித்துக் காயும். உப்புக்காக ஈர மண்ணைத் தேடி வரும். இரண்டும் கிடைக்கும் இடம், வண்ணார்பேட்டைப் பக்கத்துத் தாமிரபரணிப் படித்துறை.

போனேன். ஈர மண்ணில் ஒன்று உட்கார்ந்திருந்தது. சிறகு மூடித்தான்!

நின்றால் நிழல் விழுந்து பறந்துவிடும். செல்போனை நீட்டிக் குப்புறப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் முழங்கை நடுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் நான் மொத்தமும்.

“ஏலே, பெரியவரு விழுந்து கிடக்காருலே!”

“கை வெட்டி வெட்டி இழுக்குது வே! வலிப்பு! இரும்பு குடுங்க!”

அப்போது பார்த்து, பூச்சி லேசாகச் சிறகைப் பிரித்தது. “ஷ்ஷ்” என்றேன்.

“ஐயையோ, பேச்சு வரல! வெறும் காத்துதான் வருது!”

குளித்துக்கொண்டிருந்த கடைக்கார அண்ணாச்சி ஓடிவந்தார். இடுப்புக் கயிற்றில் கிடந்த சாவிக்கொத்தை அவிழ்த்தார். என் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு சாவியைத் திணித்தார்.

“கெட்டியாப் பிடிச்சிக்கிடுங்க!”

பூச்சி போய்விட்டது. என்னைப் புரட்டி உட்கார வைத்தார்கள். ஒருவர் என் வழுக்கைத் தலையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல வே! பூச்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்!”

“கண்ணுக்குள்ள பூச்சி பறக்கும்லே. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

சுற்றி நின்றவர்கள் ‘உச்’ கொட்டினார்கள். சட்டென்று அண்ணாச்சி என் தலை உச்சியையே வெறித்தார்.

“ஏலே, நெசமாவே பூச்சிலா உக்காந்திருக்கு! விரிச்சிக்கிட்டு... நல்ல நீலம்!”

“எடுங்க வே, படம் எடுங்க! அந்த வட்டத்த அமுக்குங்க!”

மூச்சுவிடாமல் இருந்தேன். அமுக்கினார்.

“எடுத்தாச்சு. ஆனா சாவிய விட்றாதீங்க, என்ன?”

கத்திரிக்காய் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்குப் படம் வந்தது. கீழே செல்வி எழுதியிருந்தாள்: “தாமிரபரணிக் கரையில், ஈரப் பாறை மீது வெயில் காயும் புல் நீலன்.”

அந்தப் பாறைக்கு மூன்று நாளாக ஜலதோஷம்.