கோர்ஃபுவுக்குச் சும்மா ஒரு பயணம்

வைக்கோல் தொப்பியைப் பைக்குள் திணிக்கச் சிவகௌரிக்கு நேரம் கிடைக்கவில்லை. லண்டன் மோர்டன் கடைத்தெருவில் தவநாயகியின் கண்ணில் படாமல் ஒரு சாமான் வாங்கிய ஆள் இனித்தான் பிறக்க வேண்டும்.

"உதென்ன கௌரி தொப்பி? எங்கை பயணம்?"

"கோர்ஃபுவுக்கு அக்கா. கிரேக்கத்திலை ஒரு தீவு. ஒரு கிழமை நிண்டிட்டு வருவம்."

"ஆற்றை கலியாணம்?"

"கலியாணம் ஒண்டுமில்லை."

"அப்ப செத்தவீடோ?"

"இல்லையக்கா. சும்மா போறம்."

"சும்மாவோ," என்றார் தவநாயகி. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறவர் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம்மவர்கள் விமானம் ஏறுவது கலியாணத்துக்கு, செத்தவீட்டுக்கு, இல்லையென்றால் கோயில் நேர்த்திக்கு. கடலைப் பார்க்கவென்று காசு கொடுத்துப் போவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. சிவகௌரியும் அப்படி இருந்தவள்தான். பகலில் பள்ளிக்கூடச் சமையலறை, மாலையில் வீட்டுச் சமையலறை. கோடை பிறந்தால் ஜெர்மனியிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து முன்னறையில் பாய் விரிக்கும் சொந்தங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீவியில் எழுத்தாக ஓடும் மலிவுப் பயணப் பக்கத்தைப் பார்த்தாள். விமானமும் கடற்கரை வீடும் சேர்த்து, விருந்தாளிகளுக்கு ஒரு கிழமை இறைச்சி வாங்குகிற செலவுதான். அன்றே பதிந்துவிட்டாள். அன்றிலிருந்து வெங்காயம் வெட்டும்போதுகூடச் சிரிப்பு. ஏழு நாளும் ஒரு சட்டியை அடுப்பில் வைப்பதில்லை, அலையில் காலை நீட்டிக்கொண்டு இருப்பதென்று சபதம்.

மறுநாள் பின்தெரு றோஸ்மலர் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து நின்றார்.

"குகதாசன் அண்ணைக்கு இருதயத்திலை ஓட்டையாமே. கடல்காத்துப் பிடிக்கச் சொல்லி டொக்டர் சொன்னவராம்."

சிவகௌரியின் கணவர் குகதாசன் அப்போது நாலாவது ஆட்டிறைச்சி ரோலைக் கடித்துக்கொண்டிருந்தார். "எனக்கோ?" என்றார்.

"பாவம், ஆளுக்குச் சொல்லேல்லைப் போலை," என்று றோஸ்மலர் சிவகௌரியின் காதில் கிசுகிசுத்தார்.

பொழுதுபடுவதற்குள் இன்னும் மூன்று போத்தல்கள் வந்தன. எட்டத்தில் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு. பொறுக்க முடியாமல் சிவகௌரி தவநாயகிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோர்ஃபுவிலை எங்கடை சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறார். அவரைப் பாக்கப் போறம், அவ்வளவுதான்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே. பேரென்ன?"

சிவகௌரியின் கண் சுவரில் தொங்கிய பாலேந்திரா ஸ்டோர்ஸ் காலண்டரில் விழுந்தது. "பாலேந்திரா. எனக்கு ஒண்டுவிட்ட தம்பி முறை."

"என்ன செய்யிறார்?"

"டொக்டர்."

"கலியாணம் முடிச்சிட்டாரோ?"

முடித்துவிட்டார் என்றால், பெண் யாருடைய மகள், எந்த ஊர், சீதனம் என்ன என்று வரும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அத்தனையும் தவநாயகிக்கு மனப்பாடம். அதில் ஒரு பொய்ப் பெண்ணைச் செருக இடமில்லை. "இல்லை," என்றாள் சிவகௌரி.

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் தவநாயகியின் மகள் கிரிஜாவின் நினைவு வந்தது. முப்பது வயது, கணக்காளர், செவ்வாய்தோஷம்.

அடுத்த நாள் சாதகம் வந்தது. அதற்கடுத்த நாள் தவநாயகியே வந்தார்.

"நானும் கிரிஜாவும் அதே பிளேனிலை புக் பண்ணிட்டம். பொம்பிளை மாப்பிளை நேரிலை பாத்தால் நல்லதுதானே. சமையலுக்கு யோசியாதை. இடியப்ப உரல் நான் கொண்டுவாறன், நீ அவிச்சால் போதும்."

சிவகௌரியின் சபதம் அடுப்பில் ஏறியது.

"கிருஷ்ணமூர்த்தியரிட்டையும் காசு குடுத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறன்," என்றார் தவநாயகி போகிற போக்கில்.

கிருஷ்ணமூர்த்தி கலியாணத் தரகர். ஏழு தலைமுறையைக் கிண்டிவிட்டுத்தான் வாய் திறப்பார். மாப்பிள்ளைக்குப் பொய்ப்பல் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிற மனிதர் என்று இல்ஃபோர்ட் வரை பெயர். கோர்ஃபுவில் அப்படி ஒருவன் இல்லையென்று கண்டுபிடிக்க அவருக்கு எத்தனை நாள் பிடிக்கும்?

"ஒரு வழிதான் இருக்கு," என்றார் குகதாசன். "ஆளை முடிச்சுவிடு."

"பாவம். நல்ல பொடியன்," என்றாள் சிவகௌரி. இந்தச் சில நாட்களில் அவளுக்கும் பாலேந்திராவில் ஒரு பாசம் வந்திருந்தது.

"அவன் செத்தால் பொம்பிளை பாக்கிற கதை இல்லை. நாங்கள் செத்தவீட்டுக்குப் போறம் எண்டு போவம். ஒருத்தரும் ஏன் எதுக்கெண்டு கேக்கமாட்டினம்."

அப்படியே மோட்டார் சைக்கிள் விபத்தில் பாலேந்திரா காலமானார். செய்தியைப் போனில் சொல்லும்போது சிவகௌரிக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இடியப்ப உரலை நினைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே முன்னறை நிறைந்துவிட்டது. தளபாடத்தை ஒதுக்கி, வெள்ளை விரித்து, ஆட்கள் நிலத்தில் குந்தினார்கள்.

"எங்கடை இவரோடை ஒண்டாப் படிச்சவராம். கணக்கிலை புலியாம்," என்றார் றோஸ்மலர். "ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒப்புக்குடுத்திட்டன்."

"நான் சின்னனிலை தூக்கி வைச்சிருந்தனான்," என்று விம்பிள்டன் கோயிலில் மட்டும் கண்டு பழகிய ஒரு மனுசி மூக்கைச் சிந்தினாள்.

தவநாயகி சுவரில் சாய்ந்து கிடந்தார். "என்ரை பிள்ளைக்குக் குடுத்து வைக்கேல்லை. இனி எங்களுக்கென்ன கோர்ஃபு? விடிய முதல் வேலையா டிக்கெட்டைக் கான்சல் பண்ணுறன். நீங்கள் ரெண்டு பேரும் போய்க் காரியத்தைப் பாருங்கோ."

சிவகௌரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் முதுகைத் தடவினார்கள். மேல்மாடியில் பெட்டி கட்டி முடித்தாயிற்று. மேலே ஒரு வெள்ளைச் சேலை, அதற்கடியில் தொப்பி. இன்னும் இரண்டு இரவுகள். அலைச் சத்தம் அவளுக்கு இப்போதே கேட்டது.

வாசல் மணி அடித்தது. கிருஷ்ணமூர்த்தி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

சிவகௌரி தலைப்பை முகத்திலிருந்து இறக்கினாள். குகதாசன் மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் நகர்ந்தார்.

"என்ன கூட்டம்? ஆர் மோசம் போனது?" என்றார் தரகர்.

"கேள்விப்படேல்லையோ அண்ணை? கோர்ஃபு மாப்பிளை," என்றார் தவநாயகி விம்மலுக்கிடையில். "பாலேந்திரா போயிட்டார். நேற்றுக் காலமை."

பொய்ப்பல்லைக்கூட மறைக்காத மனிதர், சிவகௌரியின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரையும் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆர் உந்த விசர்க் கதை சொன்னது? நேற்று ராத்திரிதானே மாப்பிளையோடை போனிலை கதைச்சனான்; கிரிஜாவின்ரை படம் நல்லாப் பிடிச்சிருக்காம், உங்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போக எயார்போர்ட்டுக்கு வாறாராம்."