பதினெட்டுக் கூடைச் சாணி

"எங்க அடுப்புல சாணி கேஸு எரியாது. போம்மா!" என்று பெரியண்ணன் கதவைச் சாத்தப் போனார். கலைமணி கதவிடுக்கில் காலை வைத்தாள்.

பென்னாகரம் சாலையில் இருக்கும் சாண எரிவாயு ஆலையின் பொறியாளர் அவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வைத்த காலை எடுக்கிற ரகமில்லை. பெரியண்ணன் தெருவுக்கு ஏற்கெனவே குழாயில் எரிவாயு வருகிறது. ஆலையின் வாயுவைச் சுத்தம் செய்து அதே குழாயில் கலக்க வேண்டும். மாலை ஐந்துக்குள் பதினெட்டு வீடும் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு. இல்லாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. அவள் வேலைக்கும் சேர்த்து.

"வாசல்ல சாணி தெளிக்கிறீங்க. சாணியில புள்ளையார் புடிச்சுக் கும்புடறீங்க. அடுப்புல எரிஞ்சா மட்டும் தீட்டுங்களா?"

"தீட்டுன்னு எவன் சொன்னான்? அது லட்சுமி! யாரு வூட்டுச் சாணின்னுதான் கேக்கறேன். கண்டவன் மாட்டுச் சாணியில எங்கூட்டுச் சோறு வேகணுமா?"

இவ்வளவுதானா!

"சரிங்க. இந்தத் தெருச் சாணி மட்டும் போடறோம்."

வினை அங்கேதான் பிடித்தது. எதிர்வீட்டு நிர்மலாதேவி இறங்கி வந்தாள்.

"இவங்களது சீமை மாட்டு வம்சம். நாங்க நாட்டு மாட்டுக் குடும்பம். ரெண்டும் ஒண்ணா?"

"யாரு சீமை? எங்க பாட்டன் காலத்துலருந்தே நாட்டு மாடுதான்!" என்று பெரியண்ணன் எகிறினார்.

"அப்ப நாட்டு மாட்டுச் சாணி மட்டும்னு எழுதிடறேன்" என்றாள் கலைமணி.

தெருவே திரண்டுவிட்டது. மூன்றாம் வீட்டுப் பூவரசன் கையை ஆட்டினார். "எம் பங்காளிகூட எனக்குப் பேச்சே கெடையாது. அவன் சாணி கேஸு மட்டும் எங்கூட்டுக்குள்ள வரலாமா?"

மணி மூன்றரை. கலைமணிக்குப் பொறுமை போயிற்று.

"நிறுத்துங்க! அவங்கவங்க வூட்டுச் சாணிய அவங்கவங்களே கூடையில கொண்டாங்க. பேரு எழுதி ஒட்டுங்க. உங்க சாணி, உங்க கேஸு, உங்க அடுப்பு. போதுமா?"

ஒரே குழாயில் போகிற வாயு, கதவு எண் பார்த்து இறங்காது. நாலு வருடப் படிப்பு தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

நாலரைக்குள் பதினெட்டுக் கூடை, பதினெட்டுப் பெயர்ச்சீட்டு, பதினெட்டுக் கையெழுத்து.

"மோந்து பாரு பாப்பா, பரம்பரை வாசம் அடிக்கும்" என்று பெரியண்ணன் தன் கூடையைத் தட்டினார்.

முகர்ந்தாள். "தூக்கலா அடிக்குதுங்க."

கூடைகள் ஆலை வண்டியில் ஏறின. கலைமணி மேலாளருக்குப் போன் போட்டாள். "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு சார். குழாயத் தொறங்க!"

வண்டி நகரும் நேரம், பின்தெருவில் பால் ஊற்றும் சின்னம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்து மறித்தாள்.

"சாணியக் கொட்டிட்டுக் கூடையெல்லாம் குடுத்துரு கண்ணு, பதினெட்டும் என்னுது. இந்தத் தெருவுல மாட்டையெல்லாம் வித்து ஆறு வருசமாச்சு. ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படாம எங்கொல்லைப் பக்கமா வந்து இவங்க அத்தனை பேரும் அள்ளிட்டு வந்தது எங்கூட்டு எருமைச் சாணி."