டவுட்டு திறக்காத கேட்

தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்கக்கூடிய ஒரே மனிதர் ஓசூரில் எங்கள் கம்பெனி வாட்ச்மேன்தான். எங்களுக்கு அவர் 'டவுட்டு'. டீ கொண்டுவருபவரை முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்வார். முதலாளியின் மாமனாரிடம் டிபன் கேரியரை அடித்தட்டு வரை திறக்கச் சொன்னவர்.

அவருடைய பெரிய சந்தேகம் ஸ்கிராப் லாரிமேல். எங்கள் வட்டாரத்தில் கழிவு இரும்பு டெண்டர் 'அண்ணன்' ஒருவருக்கே போகும். போட்டிக்கு வந்த ஒருவர் கையில் மாவுக்கட்டோடு திரும்பினார். பிறகு யாரும் வரவில்லை. அந்த வருடம் அண்ணன் கவுன்சிலர் தேர்தலில் நின்றார். சுவரெல்லாம் அவர் சிரிப்பு.

நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அண்ணனின் ஆட்கள் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, "பாப்பா எந்த ஸ்கூலு சார்?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து, லாரி சரக்கோடு வெளியே போக அவர்கள் நீட்டிய கேட் பாஸில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மத்தியானம் டவுட்டு லாரிக்குள் கம்பியை விட்டுக் குத்தினார். 'டங்' என்றது. இரும்புச் சுருளுக்கு அடியில் எங்கள் கம்பெனியின் புத்தம்புதுப் பித்தளை உதிரிபாகங்கள்! கேட்டைப் பூட்டி, லாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் ஓடிவந்தார். "யோவ், தொறய்யா! அண்ணன் வண்டி!"

"அதனாலதாங்க தொறக்கல."

கொஞ்ச நேரத்தில் அண்ணனே காரில் வந்து இறங்கினார். டவுட்டு நோட்டை நீட்டினார். "பேரு, ஊரு, யாரப் பாக்கணும்?"

"என்னத் தெரியல?"

"போஸ்டர்ல இருக்கறவரு சிரிப்பாருங்களே. நீங்க சிரிக்கல. ஐடி காட்டுங்க."

அண்ணன் கையை ஓங்கினார். அதற்குள் ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் சுற்றி நின்றது. அத்தனையும் ஓட்டு. ஓங்கிய கை கும்பிடாக மாறியது, பல்லும் தெரிந்தது.

"இப்பப் பொருந்துதுங்க" என்றார் டவுட்டு.

சரக்கு இறங்கியது. ஆனால் தேர்தலில் அண்ணன்தான் ஜெயித்தார். டெண்டரும் அவருக்கே. டவுட்டுக்கு வேலை போனது. கம்பெனி விசாரணையில் அந்த லாரிக்கான கேட் பாஸ் எங்கே என்று கேட்டதற்கு, "காத்துல பறந்திருச்சுங்க" என்றே கடைசிவரை சாதித்தார்.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை என் கையில் வைத்தார். நான் கையெழுத்திட்ட அதே கேட் பாஸ்.

"கையெழுத்து நடுங்கியிருந்துச்சுங்க. பாப்பாவ நீங்களே ஸ்கூல்ல விட்டுட்டு வாங்க."

வீட்டு வாசலில் நடந்ததை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அஞ்செட்டி பஸ் வரத் தாமதமானது. இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டும் என்று அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.