இரண்டாயிரம் வரை தாங்குமா என் கண்?

மகாகனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெரு திருநாராயணன் விண்ணப்பம். பகவத் கிருபையால் இங்கு எல்லாம் சௌக்கியம், என் கண்கள் இரண்டையும் தவிர. தங்கள் சௌக்கியத்தையும் தங்கள் அச்சுக்கோப்பவர்களின் சௌக்கியத்தையும் பிரார்த்திக்கிறேன். எனக்குக் கண்புரை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி யதுகிரி எழுதுகிறாள். தங்கள் பத்திரிகையைப் படித்துக் காட்டுவதும் அவள்தான்.

நிற்க. சென்ற மாதம் 'கி.பி. இரண்டாயிரத்தில் வைத்தியம்' என்று ஒரு கட்டுரை போட்டீர்கள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை. பழுதான இருதயத்தைக் கழற்றி வேறு மாட்டுவார்களாம், அது அவரவர் பாடு. ஆனால் கண்புரைக்குக் கத்தியே வேண்டாம், ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் போதும், நோயாளி காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போவார் என்றிருந்ததே, அதைக் கேட்டபின் இப்போதைய ஆபரேஷனுக்கு எவன் சம்மதிப்பான்? இங்கே டாக்டர் கத்தி வைத்துவிட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை கொடுத்து மல்லாக்கக் கிடத்துவாராம், அசையக் கூடாதாம், முக்கியமாகத் தும்மக் கூடாதாம். நானோ மூக்குப்பொடி போடுகிறவன். இரண்டாயிரம் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். புரை முற்றிவிட்டது, தாமதித்தால் பார்வை அடியோடு போய்விடும் என்கிறார் அவர். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றேன். "ஆளுங்கோ. பூமி கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?" என்கிறாள் இவள்.

காத்திருப்பதும் லேசாக இல்லை, சார். போன வாரம் ஸ்ரீசூர்ணம் என்று பல்பொடியைக் குழைத்து நெற்றியில் இட்டுக்கொண்டு கோயில் கோஷ்டியில் நின்றேன். பக்கத்து வீட்டு வரது, "ஸ்வாமி, இன்னிக்கு உம்ம நெத்தி கிராம்பு வாசனை அடிக்கறதே" என்றார். மறுநாள் பெங்களூர் ரோட்டோரம் காவியாக ஓர் உருவம் தெரிந்தது. ஜீயர் ஸ்வாமி எழுந்தருளியிருக்கிறார் என்று தடாலென்று விழுந்து சேவித்தேன். "இன்னா சாமி, டயராண்ட படுத்துகினு கீறே? ஏந்திரு, வண்டி எடுக்கணும்" என்றது அந்தக் காவி. மண்ணூர் கன்னியப்பன், லாரி டிரைவர், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறானாம். அவனே கைப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டு, "நான் மட்டும் பாக்கலன்னா சக்கரத்துல போயிருப்பாரும்மா" என்றான். யதுகிரி அன்று சாப்பிடவில்லை. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்? கத்தியை நினைத்தாலும் நடுங்குகிறது, லாரியை நினைத்தாலும் நடுங்குகிறது.

ஆகவே அந்த ஒளிக்கற்றை சற்று முன்கூட்டியே வர வழி உண்டா என்று விஞ்ஞானிகளிடம் விசாரித்து எழுதவும். இரண்டாயிரத்தில் எனக்குத் தொண்ணூறு வயது. பதில் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை, இது சத்தியம். தங்கள் பத்திரிகையும் சந்தாதாரர்களும் அவர்கள் கண்களும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

தங்கள் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
திருநாராயணன்

பி.கு.: ஐயா, இது யதுகிரி. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரது கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். அப்படி ஒரு கட்டுரையே போடவில்லையே என்று திகைத்திருப்பீர்கள். குருடாகிவிடுவேன் என்று ஒருநாள் அவர் அழுதார். தைரியம் வரட்டுமே என்று, நானாக இட்டுக்கட்டிப் படித்தேன். இப்படிப் பிடித்துக்கொள்வார் என்று யார் கண்டது? வருகிற இதழில், ஒளிக்கற்றை சென்னைக்கே வந்துவிட்டதாகப் படிக்கப் போகிறேன். மணல் மூட்டையும் புது முறையில் சேர்த்திதான் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். டாக்டரிடம் நாள் குறித்தாயிற்று. தாங்கள் தயவுசெய்து இரண்டு கட்டுரையையும் அச்சடித்து, அவர் கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். கண் திறந்ததும் என் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார், முதலில் உங்கள் பத்திரிகையைத்தான் கேட்பார்.