திருத்தம் இரண்டு

கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது ஒரே ஓர் அறை. பத்துக்குப் பத்து. நாலு சுவர், ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். ஜன்னல்கூட வேண்டாம். போன மாதம் சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சபதம் எடுத்தேன். கட்டியே தீருவது.

காரணம் ஹாலில் இருக்கிறது. என் மனைவியின் தையல் மெஷின். பன்னிரண்டு வருஷமாகக் காலையில் நான் பேப்பரைப் பிரித்தால் அது கடகடவென்று ஆரம்பிக்கும். ஆபீஸ் விட்டு வந்தாலும் அதே கடகட. சோபாவில் உட்கார்ந்தால் ஊசி குத்தும். எனக்கு வீடே வெறுத்துவிட்டது.

அறை கட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை. நான் வேலை பார்ப்பதே பேனல் கம்பெனியில்தான். இரண்டு பக்கமும் பலகை, நடுவில் கெட்டி நுரை. அதுவே சுவர், அதுவே கூரை. வெயில் அண்டாது, குளிர் அண்டாது, வெளிச்சத்தமும் அண்டாது. வீடோ கடையோ கிடங்கோ, கதவு ஜன்னலுக்கு இடம் விட்டு, ஒயர் போகத் துளை போட்டு, தொழிற்சாலையிலேயே வெட்டி அனுப்புவோம். நிறுத்திப் பூட்டினால் ஒரே நாளில் அறை தயார். ஒன்றே ஒன்றுதான். வரைபடத்தில் கையெழுத்து விழுந்து பேனலை வெட்டிவிட்டால், அப்புறம் கதவை ஓர் அங்குலம் நகர்த்துவதும் பெரும்பாடு. "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றச் சொல்வதுதான் என் உத்தியோகம்.

வீடு மனைவி பேரில் இருக்கிறது. அதனால் கையெழுத்து அவளுடையது. உண்மையைச் சொன்னால் போடுவாளா? வரைபடத்தில் 'சாமான் அறை' என்று எழுதி நீட்டினேன்.

"மாடியில எதுக்குங்க சாமான் அறை?"

"வீடு பூரா அடைசலா இருக்குன்னு நீதானே சொன்னே."

"சரி. உள்பக்கம் எதுக்குத் தாழ்ப்பாள்? சாமானெல்லாம் உள்ள போய்த் தாழ் போட்டுக்குமா?"

"அது கம்பெனி வழக்கம். உனக்குப் புரியாது. கையெழுத்தைப் போடு."

"ரெண்டு நாள் இருக்கட்டும். படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன். ஊருக்கெல்லாம் நீங்க அப்படித்தானே சொல்றீங்க."

மூன்றாம் நாள் ஒட்டிய உறையில் தந்தாள். வாங்கிய கையோடு தொழிற்சாலையில் கொடுத்தேன். பிரிக்கவில்லை. அவளுக்கு வரைபடத்தில் என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு.

நேற்று பேனல் வந்தது. கிரேன் தூக்கியது. எங்கள் மேஸ்திரிக்குத் தூக்குக்குண்டு என்று பேர். மயிரிழை சாய்ந்தாலும் விடமாட்டார். முதல் சுவரில் என் உயரத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது. இரண்டாவது சுவரில் இன்னொன்று. மூன்றாவதில் வரிசையாக ஆறு பிளக் பாயின்ட், மேஜை உயரத்தில்.

"யாரு வீட்டுப் பேனல்யா இது?"

"உங்க வீட்டுதான் சார். திருத்தம் ரெண்டுன்னு போட்ட புதுப் படம். அம்மா கையெழுத்து இருக்கு. கொண்டுவந்து கொடுத்ததே நீங்கதானே?"

காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். 'சாமான் அறை' அடிபட்டு, 'தையல் வகுப்பு' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆட்கள் முன்னால் அழக் கூடாதென்று தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் நின்றேன். அவள் அங்கேயே வந்தாள்.

"யாருடி வரைஞ்சு கொடுத்தது?"

"உங்க ஆபீஸ்ல படம் வரையறாங்களே, அந்தம்மாதான். பத்து வருஷமா என்கிட்டதான் தைக்கிறாங்க."

"பிளக் பாயின்ட் எந்த உயரத்துல வேணும்னெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் சாப்பிடும்போது பேனலைத் தவிர வேற என்னங்க பேசியிருக்கீங்க? நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"பன்னிரண்டு வருஷமாச் சொன்னேனே. மெஷின் போட ஒரு ரூம் வேணும்னு. சிரிச்சீங்க."

சிரித்தது உண்மைதான். அது அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சரி, மெஷின் மேலே போனால் ஹாலாவது நமக்கு மிஞ்சும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"ஹால்லயே இருங்க," என்றாள். "துணி கொடுக்க வர்றவங்க அங்கதான் வருவாங்க. வாங்கிப் பேர் எழுதி வையுங்க. அவசரம்னு சண்டை போட்டா நீங்களே பேசிச் சமாளிங்க."

இன்று காலையிலேயே ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். பத்தாவதாக வந்தவள் கை நீளம் தப்பு என்று என்னைத் திட்டினாள். தாங்காமல் மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினேன். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நான் மாத்தலைங்க. நீங்க ஆசையா வரைஞ்சிருந்த உள்பக்கத் தாழ்ப்பாளை அப்படியே விட்டுட்டேன்."

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பேனலில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் வெளியே நின்று கத்தியது உள்ளே கேட்கவே இல்லையாம்.